முதல் ஓட்டம்

இன்னும் இருபத்தைந்து நிமிடம் என்று கம்பித் தடுப்பில் தொங்கிய பலகையில் போட்டிருந்தது. சென்னியப்பனுக்கு அதுவே பெரிய நிம்மதி. இருபத்தைந்து நிமிடத்தில் என்னென்னவோ நடக்கலாம், கரண்ட் போகலாம், மேற்கே மூடிக்கொண்டிருக்கிற மேகம் இந்தப் பக்கம் வந்து நாலு சொட்டுப் போட்டால் நிறுத்திவிடுவார்களாம், சங்கிலி இழுக்காமல் நின்றுபோனால்கூட, சே, அது வேண்டாம், மேலே பதினாறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவரவர் வீட்டில் அவரவருக்குச் சோறு ஆக்கி வைத்திருப்பார்கள். அண்ணாந்து பார்த்தார். சிவப்புத் தண்டவாளம் ஆறு மாடி உயரத்துக்கு ஏறி, அங்கே ஒரு கணம் யோசிக்கிற மாதிரி நின்று, அப்புறம் தலைகுப்புற விழுந்து, சுருண்டு, இன்னொரு தடவை சுருண்டு, வேப்ப மரங்களுக்குப் பின்னால் போய் மறைந்தது. அந்த ராட்டினத்துக்குப் பருந்து என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்தப் பருந்து இப்படிக் கிறுக்குப் பிடித்துப் பறக்கும், அது பாட்டுக்கு இறக்கையை விரித்து வட்டம் போடும். பெட்டி மேலேறும்போது வந்த கடகடவென்ற சத்தத்துக்குக் காது தானாகத் திரும்பியது. நல்ல சத்தம். பேரிங்கில் கரகரப்பு இல்லை, சங்கிலியில் தொய்வு இல்லை, தவறாமல் கிரீஸ் காண்கிற மெஷின். முப்பத்திரண்டு வருடமாகப் பழைய மெஷின் வாங்கி விற்கிற காது. பத்தடி தள்ளி நின்று கேட்டே, இந்த லேத்துக்கு ஸ்பிண்டில் போச்சு என்று சொல்லி, விற்க வந்தவன் முகம் சுருங்க, கேட்ட விலையில் பாதிக்கு அடித்திருக்கிறார். இதிலும் ஏதாவது ஒரு கோளாறு காதில் விழாதா என்று கூர்ந்து கேட்டார். ஒன்றும் விழவில்லை. மெஷின் சுத்தம். அதுதான் சங்கடமே.

பின்னால் பதினொரு பேர் நின்றார்கள். சென்னியப்பன் மெஷினரி ஸ்டோர்ஸின் மொத்தப் பட்டாளம். ஆயுத பூஜைக்கு மறுநாள் குடோனைத் திறப்பதில்லை என்பது வழக்கம், அந்த ஒரு நாள் எங்காவது கூட்டிக்கொண்டு போவதும் வழக்கம். டிக்கெட் கவுன்டரில் பன்னிரண்டு பேருக்குப் பத்துப் பேர் காசு என்று அரை மணி நேரம் மல்லுக்கட்டி, மேனேஜரைக் கூப்பிடு, அவனுக்கு மேனேஜரைக் கூப்பிடு என்று வாங்கி வந்தவர் அவர்தான். அந்த ஜோரில்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இந்தப் பக்கம் நடந்து வந்தது. வந்த இடத்தில் பெயிண்டிங் பார்க்கிற தண்டபாணி அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னான், ஏனுங்ணா, ரூலு ரூலுதானுங்களே, புது மெஷினுக்கு மொத ஓட்டம் மொதலாளி. எல்லாரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அப்போதே, போடா, உனக்கு வேற வேலையில்லை என்று சொல்லிவிட்டுப் போய் ஒரு இளநீர் குடித்திருக்கலாம். சொன்னது வேறு. ஏன்டா, நான் ஏறமாட்டேன்னு நெனச்சியா, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் கிரேன் கொக்கியில தொங்கினவன். இந்த வாய். இந்த வாய்தான் சோறு போட்டது, இந்த வாய்தான் குழி வெட்டுகிறது. மரகதம் அவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட வருடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள், உங்களுக்கு நாக்கு முன்னாடி போகுது, நீங்க பின்னாடி ஓடறீங்க. மரகதம் இன்று வரவில்லை. வந்திருந்தால் ஒரு பார்வையிலேயே நிறுத்தியிருப்பாள். காலையில் புறப்படும்போது ஹால்ஸ் டப்பாவில் மாத்திரையைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்தாள். ஏழு மாதமாக அந்த டப்பாதான். ஆட்கள் பார்த்தால் அண்ணனுக்குத் தொண்டை கட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். எவ்வளவு சூட்டிகையான பொம்பளை, இவளை ஏலத்துக்கு அனுப்பியிருந்தால் கோயமுத்தூரையே வாங்கி வந்திருப்பாள். அவளிடம் ஒரு நாள்கூட நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாத்திரை கொண்டாந்தியா என்பார், கொண்டாந்தால் தண்ணி எங்கே என்பார்.

வரிசை நாலடி நகர்ந்தது. கம்பியைப் பிடித்தபடி பக்கத்தில் நகர்ந்த திருமூர்த்தியின் வலது கை கண்ணில் பட்டது. கட்டை விரல், சுண்டு விரல், மோதிர விரல். நடுவில் இரண்டு இல்லை. பத்தொன்பது வருடம். இந்த ரூல் பிறந்ததே அந்தக் காலி இடத்திலிருந்துதான். அதை நினைக்கக் கூடாது என்று வேறு பக்கம் பார்த்தார். பார்த்த பக்கத்தில் மஞ்சள் பலகை ஒன்று இருந்தது, அதில் ஒரு மனித உருவம், நெஞ்சில் ஒரு சிவப்புக் கட்டம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கேயே கொண்டுவந்து விடுகிறது புத்தி. திருமூர்த்தியின் விரலை வாங்கிய அந்தப் பவர் பிரஸ்ஸில் ஒரு தகடு இருந்தது. விரல் வெட்டுப்பட்ட ஒரு கையின் படம், கீழே நாலு வரி, எந்த நாட்டு எழுத்தோ. வாங்க வருகிறவன் முதலில் அதைத்தான் பார்ப்பான், பார்த்தால் பயப்படுவான், பயந்தால் விலை இறங்கும். அதைச் சுரண்டிவிட்டுப் பச்சைப் பெயிண்ட் அடிக்கச் சொன்னது யார். சென்னியப்பன்தான். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் பிரஸ் இறங்க வேண்டும் என்று அந்த நாலு வரி சொன்னதாம், மெஷினை முன்னால் வைத்திருந்தவன் ஒரு பட்டனை அமுங்கினபடியே கட்டி வைத்திருந்தான் என்பது எவனுக்குத் தெரியும். கரண்ட் கொடுத்ததும் திருமூர்த்தி ஒரு கையால் தகரத்தைச் சரி பண்ணினான், மறு கையால் அமுக்கினான். சத்தமே போடவில்லை அவன். அண்ணா, மெயினை ஆஃப் பண்ணுங்க என்று மட்டும் சொன்னான். ஆஸ்பத்திரிச் செலவு, அப்புறம் ஒரு வருடம் உட்கார வைத்துச் சம்பளம், எல்லாம் செய்தார், ஆனால் அந்தத் தகட்டைப் பற்றி அவனிடம் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. தெரியுமா தெரியாதா என்றும் தெரியாது. அதற்குப் பிறகுதான் குடோனில் தரையில் மஞ்சள் கோடு போட்டது. எந்த மெஷின் வந்தாலும், ரிப்பேர் முடிந்ததும், ஆட்கள் எல்லாரும் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், சென்னியப்பன் தனியாகப் போய் சுவிட்ச் போட்டு, தன் கையால் முதல் வேலையை ஓட்டிக் காட்டிய பிறகுதான் அடுத்தவன் கை அதில் படலாம். பத்தொன்பது வருடத்தில் ஒரு மெஷினுக்குக்கூட அது தப்பியதில்லை. காய்ச்சலோடு போய் ஓட்டியிருக்கிறார், மாமனார் செத்த அன்றைக்குப் பிணத்தை எடுத்துவிட்டு வந்து ஓட்டியிருக்கிறார். ஊரில் மற்ற வியாபாரிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் குடோனில் எல்லாருக்கும் பத்து விரல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கட்டும்.

பலகையை இப்போது நேராகவே படித்தார். விற்கிறவன் நீட்டும் லிஸ்ட்டைப் படிக்கிற மாதிரி, எது நிஜம், எது சும்மா போட்டு வைத்தது என்று பிரித்துப் படித்தார். இதய நோய் உள்ளவர்கள். ரத்த அழுத்தம். கழுத்து, முதுகு, எலும்புத் தொந்தரவு. கர்ப்பிணிகள். வலிப்பு. ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆறு மாதம். அந்த இடத்தில் மனது சட்டென்று உட்கார்ந்துகொண்டது. அவருக்கு ஏழு மாதம் ஆகிறது. கணக்குப்படி வெளியே வந்தாயிற்று. அதோடு அது அறுவையா என்ன, மணிக்கட்டில் ஓட்டை போட்டு ஒரு கம்பிச் சுருளை உள்ளே விட்டார்கள், கத்தியே வைக்கவில்லை. சரி, இதய நோய் என்கிறானே. நோய் இருந்தது, ரிப்பேர் ஆகிவிட்டது. ரிப்பேர் பண்ணின மெஷின் புதுசுக்குச் சமம், எழுதித் தரட்டுமா என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார். சொல்லியிருக்கிறார், ஆனால் ரிப்பேர் பண்ணிய மெஷினை எடுத்த எடுப்பில் முழு லோடில் அவர் ஒரு நாளாவது ஓட்டியிருக்கிறாரா. முதலில் சும்மா சுற்ற விடுவார். அப்புறம் கால் லோடு. கையை வைத்துச் சூடு பார்ப்பார். இதுவோ எடுத்த எடுப்பில் ஆறு மாடி. இந்தக் கேரண்டி எத்தனை வருசங்க என்று அந்த டாக்டரிடம் கேட்டபோது, அந்த ஆள் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, நீங்க கத்தாம இருந்தா நெறைய வருசம் என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டது. அப்போது கோபம் வந்தது. இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பைக் கேட்டதே ஒரு பாக்கியமாகத் தெரிகிறது, கேட்காமல் போயிருக்கலாம் அல்லவா.

ஓசூரில் ஒரு மூடிய கம்பெனியின் ஏலம். ஒரு கிரைண்டிங் மெஷினுக்காகச் சேலம் இஸ்மாயில் பாயோடு ஏறு ஏறு என்று ஏறி, கடைசியில் விலையை ஏற்றிவிட்டான் என்று அத்தனை பேர் முன்னாலும் அவரைக் கண்டபடி பேசிவிட்டுத் திரும்பியபோதுதான் அது வந்தது. வலி என்று சொல்ல முடியாது. பெரிய பைப் ரெஞ்சைப் போட்டு யாரோ நெஞ்சை ஒரு சுற்றுச் சுற்றிய மாதிரி. இடது தாடை வரைக்கும். சட்டை தொப்பலாக நனைந்தது. தூணில் சாய்ந்து நின்றவரை முதலில் பார்த்தது இஸ்மாயில் பாய்தான். ஒன்றும் கேட்கவில்லை. தோளில் கையைப் போட்டு, யாரும் கவனிக்காதபடி ஏதோ பேரம் பேசக் கூட்டிப் போகிற மாதிரி நடத்திக் கொண்டுபோய்த் தன் காரில் ஏற்றினார். வழியெல்லாம் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் சென்னியப்பனின் கையைப் பிடித்திருந்தார். பத்து நிமிசம் தாமதிச்சிருந்தா என்று டாக்டர் பிறகு சொன்னார். கட்டிலில் படுத்தபடி, பாய், இது மார்க்கெட்டுக்குப் போச்சுன்னா என்று ஆரம்பித்தபோது இஸ்மாயில் பாய், நான் இன்னைக்கு ஓசூரே வரலையே அண்ணே என்றார். அவ்வளவுதான். இவர் தரப்பில் பத்து நாள் லூதியானாவுக்கு மெஷின் பார்க்கப் போனதாகக் கதை. இளைத்து வந்ததற்கு, அங்கே வெறும் ரொட்டிதாண்டா, சோறே கிடையாது. ஏன் மறைத்தார் என்றால், வியாபாரத்தில் தன் பக்கத்துக் கோளாறை எவன் வாய்விட்டுச் சொல்வான். சென்னியப்பன் விழுந்துட்டான், இனி அவசரத்துக்கு வித்துத்தான் தீரணும், விலையை அடிச்சுக் கேளு என்பார்கள். இவர் அப்படிக் கேட்டதில்லையா. கேட்டிருக்கிறார், ஒரு ஆளின் இழவு வீட்டு வாசலில் நின்றே கேட்டிருக்கிறார். அதனால்தான் தெரியும். ஆனால் ஏழு மாதமாக ஒரு ஈ காக்கைக்குத் தெரியவில்லை என்றால், அது லூதியானாக் கதையின் கெட்டிக்காரத்தனம் இல்லை, தன்னை நாலு பேர் முன்னால் ஏசிய ஒருத்தனுக்காகச் சேலத்தில் ஒரு மனுஷன் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்பதுதான். அவருக்கு ஒரு போன் போட்டு என்ன சொல்வது. நன்றி என்று சொன்னால் சினிமா வசனம் மாதிரி இருக்கும். ஒன்றுமே சொல்லாமல் ஏழு மாதம் போய்விட்டது.

பதினைந்து நிமிடம் என்றது அடுத்த பலகை. நெஞ்சு இப்போதே அடிக்க ஆரம்பித்துவிட்டது, கழுத்து நரம்பில் தெரிந்தது, அதை எண்ணக் கூடாது என்று நினைத்து எண்ணினார். பேசாமல் மூத்திரம் வருகிறது என்று சொல்லலாம். போயிட்டு வாங்ணா, நாங்க நிக்கிறோம் என்பார்கள். போன் வந்ததாகச் சொல்லலாம், அவசர வேலை. தலை சுற்றுகிறது எனலாம், தண்டபாணி வருடம் பூராவும் நடித்துக் காட்டுவான், அதுகூடப் பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு பொய்யும் ஒரே இடத்தில் போய் இடித்தது. முதலாளி நழுவிக்கொண்டு ஆட்களை மேலே அனுப்பினான் என்றால் ரூல் செத்தது. நாளைக்கு ஒரு பழைய பிரஸ் வரும், கோட்டுக்குப் பின்னால் போங்கடா என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது. அது வாயால் போட்ட ரூல் இல்லை, இரண்டு விரல் கொடுத்துப் போட்டது. அதற்காக ஏறுவதா. ஏறி, அந்த உச்சியில், பெட்டி யோசிக்கிற அந்த ஒரு கணத்தில் மறுபடி அந்த ரெஞ்சு வந்தால். கீழே இறங்கும்போது தலை தொங்கியிருக்கும். பக்கத்து சீட்டில் திருமூர்த்தி இருப்பான். மறுபடியும் அவனுக்கே. தண்டபாணி ஆயுள் முழுக்க, நாந்தான் ஏறச் சொன்னேன், நாந்தான் ஏறச் சொன்னேன் என்று புலம்பிச் சாவான். இல்லை, ஒன்றும் ஆகாது, டாக்டர் மாடிப்படி ஏறலாம் என்றாரே. மாடிப்படி ஏறலாம் என்றார், மாடியிலிருந்து குதிக்கலாம் என்றா சொன்னார். ஆறு மாதம் ஏழு மாதம். ஏழு மாதம் ஆறு மாதம். ஒரு மாத வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு தன் உயிரோடு தானே பேரம் பேசுகிற கிறுக்கனை அவர் எந்த மார்க்கெட்டிலும் பார்த்ததில்லை.

வாசலில் ஒரு பெண் நின்றது. இருபத்து மூன்று இருபத்து நாலு வயதிருக்கும், நீலச் சட்டை, வெயிலில் கறுத்த முகம், சட்டையில் ஷெரின் என்று பெயர். ஒவ்வொரு ஆளையும் நிறுத்தி, முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. பலகைதான் அங்கங்கே தொங்குகிறதே, பிறகு ஏன் வாயாலும் கேட்கிறது என்று பார்த்தார். அவருக்கு முன்னால் போன ஒரு தடித்த ஆள், டிஸ்க்கு கொஞ்சம் விலகியிருக்கு, அதெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா, நான் சிங்கப்பூர்ல இதைவிடப் பெருசுல ஏறினவன் என்றான். அது, ஏற முடியாது சார் என்றது. அந்த ஆள் கெஞ்சினான், அப்புறம் மிரட்டினான், உன் மேலதிகாரியைக் கூப்பிடு என்றான். காலையில் கவுன்டரில் தன் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை என்று சென்னியப்பனுக்கு உறைத்தது. அவர் வந்தாலும் இதேதான் சார் சொல்லுவார், இறங்கற படி அந்தப் பக்கம் என்று வழியைக் காட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தது அந்தப் பெண். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் இந்த மாதிரி ஒரு எதிராளியை இரண்டு மூன்று தடவைதான் சந்தித்திருக்கிறார், படியாத ஆள், சொன்ன விலையில் நிற்கிற ஆள். அந்த மாதிரி ஆளைக் கண்டால் அவருக்கு எப்போதுமே கோபம் வரும். இன்றைக்கு வந்தது கோபம் இல்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அந்தப் பச்சை பிரஸ் பக்கத்தில் இப்படி ஒருத்தி நின்று, திருமூர்த்தியின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால். கேட்க ஒரு தகடு இருந்தது. அதன் வாயில் இவர்தான் பெயிண்டை அடித்தார்.

சார், ஹார்ட் பிராப்ளம், பிபி, முதுகுவலி, ஆறு மாசத்துக்குள்ள ஆபரேஷன் எதாவது இருக்கா, என்றது. வரிசை அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிட்டிருந்தது. பின்னால் பதினொரு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை. வாழ்நாள் முழுக்கச் சொன்னது. இந்த மெஷினில் கோளாறு உண்டா, இல்லை. முன்னால் அடிபட்டதா, இல்லை. அந்தப் பெண் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது, அவசரப்படுத்தாமல், அவருடைய பதிலுக்காகவே காலையில் வேலைக்கு வந்த மாதிரி.

"சார்?"

"இருக்கும்மா," என்றார் சென்னியப்பன். தன் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது. "நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சு ஏழு மாசம் ஆச்சு."

பின்னால் சிரிப்பும் பேச்சும் நின்றது தெரிந்தது. திரும்பாமல் இருந்துவிடலாம் என்று நினைத்துத் திரும்பினார். தண்டபாணியின் வாய் திறந்தபடி இருந்தது. யாராவது ஏதாவது சொல்வதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று, "மெஷின்ல ஒண்ணும் இல்லடா. வந்ததுல இருந்து கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறேன், சத்தம் சுத்தமா இருக்கு. கோளாறு என்கிட்டத்தான். நீங்க ஏறுங்க," என்றார். திருமூர்த்திதான் பேசினான். "லூதியானா இதுக்குத்தானுங்களா," என்றான். ம் என்றார். அவன், "சொன்னீங்களே, அது போதுமுங்ணா," என்றான். எதைச் சொன்னதற்கு. அந்தத் தகட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது, இங்கே இல்லை, நாளைக் காலையில், குடோனில், அவனைத் தனியாக உட்கார வைத்து. சொல்லிவிடுவார். ஒன்றைச் சொன்ன வாய்க்கு இன்னொன்றைச் சொல்ல வராமலா போகும். தண்டபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, நான் ஏறலீங்ணா, எனக்கு வேண்டாமுங்க என்று முனகினான். ஏறுடா நாயே, மல்லுக்கட்டி வாங்கின டிக்கெட்டு என்றார், டாக்டர் சொன்னதையும் மீறிக் கொஞ்சம் சத்தமாகவே. அப்போதுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது. கண்ணாடி, போன், பர்ஸ், செருப்பு என்று ஒவ்வொருவனாகக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். அந்தப் பெண் ஒவ்வொருவனையும் முகம் பார்த்துக் கேட்டது. அவர் அதனிடம் ஏதாவது சொல்ல நினைத்து, நீ நல்லாக் கேக்கறம்மா, இப்படியே கேளு என்றார். அது, சரிங்க சார், படி அந்தப் பக்கம் என்றது.

கீழே சிமென்ட் பெஞ்சில், பதினொரு ஜோடிச் செருப்புக்கு நடுவில் உட்கார்ந்தார். நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். அடித்துக்கொண்டிருந்தது, ஆனால் ஒழுங்காக, கால் லோடில். இந்த வாரத்துக்குள் மார்க்கெட் பூராவும் பரவிவிடும். பரவட்டும். அடித்துக் கேட்பார்கள், அவரும் திருப்பி அடிப்பார், அவருக்கென்ன நாக்கா போய்விட்டது. இஸ்மாயில் பாய்க்கு மட்டும் இனி யாருக்காகவும் வாயைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, அதையாவது போன் போட்டுச் சொல்லலாம், அப்படியே மற்றதும் வந்துவிடும். வெயில் தலையில் சுள்ளென்று இறங்கியது, அதுகூட நன்றாகத்தான் இருந்தது. பெட்டி கடகடவென்று ஏற ஆரம்பித்தது. யார் யார் எங்கே என்று அண்ணாந்து தேடியபோது மடியில் ஒரு போன் அடித்தது. தண்டபாணியுடையது, திரையில் வீடு என்று இருந்தது. எடுத்ததும் அவன் சம்சாரம், ஏனுங்க, அந்த ராட்சச ராட்டினத்துல ஏறித் தொலைக்காதீங்கன்னு சொன்னேனே என்று ஆரம்பித்தது. நான் சென்னியப்பன்ம்மா என்றார். அண்ணனுங்களா என்று குரல் தணிந்தது. அவரு ஏறிட்டாருங்களா. ஏறிட்டான், மூணாவது வரிசை, கம்பியை நல்லா மாட்டிவிட்டாங்க, நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.

"நீங்க ஏறலீங்களாண்ணா?"

"இல்லம்மா, எனக்கு நெஞ்சுல கோளாறு. ஆகாது."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்கிற மாதிரி, ஒரு கனமும் இல்லாமல் வந்துவிட்டது. அந்தப் பக்கம் ஒரு அதிர்ச்சியும் இல்லை. அப்படீங்களா, என்றது தண்டபாணியின் சம்சாரம், அப்ப வெயில்ல உக்காராதீங்ணா, நெழல் எதாச்சும் இருந்தா அங்க போயி உக்காருங்க. சரிம்மா என்று சென்னியப்பன் எழுந்தார். போனைக் காதிலேயே இடுக்கிக்கொண்டு, பதினொரு ஜோடியையும் இரண்டு கையிலும் நெஞ்சிலுமாக வாரி அணைத்துக்கொண்டு, மேலே உச்சியில் நின்று யோசிக்கிற பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், வேப்ப மரத்தடிக்கு நகர்ந்தார்.